வலது தொடை

— அந்தக் கால் இல்லடி லிலியேட்டா, வலது கால். இடது காலை ஏன் இழுக்கிற?

— எந்தக் காலா இருந்தா என்ன டெலேசியா. என்னால முடியல. கண்ணைப் பாரு, தூக்கமே இல்லாம எப்படிச் சிவந்திருக்குன்னு.

— கண் சிவந்திருக்கட்டும். இன்னிக்கு யாரும் உன் கண்ணைப் பாக்கப் போறதில்ல, எல்லாரும் காலைத்தான் பாக்கப் போறாங்க. கேளு, கதவுலேர்ந்து ஜன்னல் வரைக்கும் இன்னொரு தடவை நட. வலது காலை ஊனும்போது முகத்தை லேசா சுளிக்கணும். ரொம்ப வேண்டாம். வலியைப் பொறுத்துக்கிற மாதிரி.

— ஏழு வாரமா நொண்டுறேன். வகுப்புல நொண்டுறேன், கேண்டீன்ல நொண்டுறேன், நூலகப் படியில நொண்டுறேன். இந்த ரூமுக்குள்ள வந்தாத்தான் மனுஷியா நடக்கிறேன். நீ இங்கயும் நொண்டச் சொல்ற.

— இன்னிக்கு ஒரு நாள்தான். மணி இப்ப ரெண்டரை. நாலு மணிக்குக் கூட்டம் ஆரம்பிச்சா ஆறு மணிக்கு முடிஞ்சுடும். ஃபிஜியில, இந்த சுவாவுல படிக்கிற துவாலுத் தீவு மாணவர்கள் வருஷா வருஷம் கொண்டாடுற சுதந்திர நாள்தானே? அதே கொடி, அதே பாட்டு, அதே ஆட்டம். நடுவுல நீ அஞ்சு நிமிஷம் பேசப்போற. அவ்வளவுதான்.

— வருஷா வருஷம் மாதிரியா? இந்த வருஷம் ஊர்லேர்ந்து கப்பல் வந்திருக்கு. பாட்டுக் குழு வந்திருக்கு, போதகர் வந்திருக்கார், எங்கம்மா வந்திருக்கா. போதகர் மேடையிலேயே என் கால்மேல கை வச்சு ஜெபம் பண்ணப் போறாராம். இல்லாத வலிக்கு எப்படிடி நான் தலை குனிஞ்சு நிக்கிறது? மனுஷங்ககிட்ட சொன்ன பொய் போதாதுன்னு இது வேறயா?

— மெதுவா பேசு. சுவர் அட்டை மாதிரி இருக்கு, பக்கத்து ரூம்ல படிக்கிறாங்க.

— அதுவும் ஒண்ணு. இந்தக் கீழ்த்தள ரூம் நமக்கு எப்படிக் கெடைச்சுது? என் காலைக் காட்டித்தானே. மாடியில இருந்த நம்ம ரெண்டு பேரை இறக்கி வச்சாங்க, இங்க இருந்த ரெண்டு பேரை மாடிக்கு ஏத்துனாங்க. அந்தப் பொண்ணுங்க பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரிச்சுதுங்க. "சீக்கிரம் குணமாகட்டும்"னு சொல்லிட்டுப் போச்சுங்க.

— நல்ல பொண்ணுங்க.

— பொருளாதார வாத்தியார் கட்டுரைக்கு ரெண்டு வாரம் கூடுதலா குடுத்தார். கேண்டீன்ல மெரே அக்கா மீன் சூப்புல தலைப்பக்கமா பாத்து எனக்கு ஊத்துறாங்க. அந்த ரக்பி ஆடுற வைசாலே இருக்கானே, அவன் ஊன்றுகோலைக் கொண்டுவந்து குடுத்தான். அவனுக்கு முழங்கால் நிஜமாவே உடைஞ்சது. ஒரு வருஷம் ஆடாம கெடந்தவன். "எனக்கு இது இனிமே வேண்டாம், உன் நாட்டுக்காக ஓடி அடிபட்ட கால், வச்சுக்க"ன்னான். நான் அதை வாங்கிக்கிட்டேன் டெலேசியா. வாங்கி கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருக்கேன். ராஸ்கல் மாதிரி.

— சரி சரி, உட்காரு. தண்ணி குடி. பேச்சை ஒரு தடவை வாசிச்சுப் பாத்துடலாமா?

— நீ எழுதினதை நான் வாசிக்க மாட்டேன்.

— சத்தியமா நல்லா வந்திருக்குடி. கேளு. "நம் நாட்டு விளையாட்டும் நானும். அன்று அந்த மைதானத்தில் வலி என் தொடையைக் கிழித்தபோது நான் தனியாக இல்லை. நம் நாட்டின் பதினோராயிரம் பேரும் சேர்ந்து என்னைத் தாங்கி நடந்தார்கள்..."

— நிறுத்து.

— பிடிக்கலையா?

— அது உன் குரல். வானொலிக் குரல். அன்னிக்கும் நீ இப்படித்தான் பேசியிருப்ப.

— அன்னிக்கு எப்படிப் பேசினேன்னு உனக்குத் தெரியாது. நீ அங்க உலகப் போட்டி மைதானத்துல நூறு மீட்டர் ஓட நின்ன, நான் இங்க ஹாஸ்டல் டிவிக்கு முன்னாடி. ஒரு கையில போன். போனுக்கு அந்தப் பக்கம் ஊர் வானொலி, அதைக் கேட்டுக்கிட்டு ஒரு நாடே உட்கார்ந்திருக்கு. உங்கப்பா, போதகர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாரும். எனக்குப் பக்கத்துல ஃபிஜி பசங்க நாப்பது பேர், அவங்களும் உனக்காகக் கத்துறாங்க. நான் கண்ணுல பாக்குறதை ஊருக்குச் சொல்லிக்கிட்டு வரேன். கிளம்பிட்டா, நல்லாக் கிளம்பிட்டா, நம்ம லிலியேட்டா ஆறாவது ஓட்டப் பாதையில... திடீர்னு நீ நின்னுட்ட.

— நின்னுட்டேன்.

— கேமரா முன்னாடி ஓடுறவங்க பின்னால போயிடுச்சு. நீ திரையோட ஓரத்துல ரெண்டு செகண்ட்தான் தெரிஞ்ச. சும்மா நின்ன. மரம் மாதிரி. அதை எப்படிடி நான் ஊருக்குச் சொல்றது? நின்னுட்டான்னு சொன்னா அடுத்த கேள்வி ஏன் நின்னான்னு வரும். எனக்கே தெரியாது. வாய் தானா சொல்லிடுச்சு, "தொடை இழுத்துக்கிச்சு, வலது தொடை, ஐயோ பாவம், ஆனாலும் நடக்குறா, நொண்டி நொண்டிக் கோட்டைப் பாத்து நடக்குறா"ன்னு. ஊர்ல அழுதாங்களாம். போதகர் அங்கயே முழங்கால் போட்டாராம்.

— நான் விமானத்துலேர்ந்து இறங்குறேன், ஓட்டத்துக்கு முன்னாடி மூடி வச்ச போனைத் திறக்கிறேன், நூறு பேர் "கால் எப்படி இருக்கு"ன்னு கேட்டிருக்காங்க. எந்தக் கால்னுகூட எனக்குத் தெரியல. உனக்குப் போன் பண்ணி "எந்தக் காலுடி"ன்னு கேட்டுட்டுத்தான் நொண்ட ஆரம்பிச்சேன்.

— அப்பவே நீ இல்லன்னு சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருக்கலாம். சொல்லலையே. நின்னதுக்கு ஒரு காரணம் கெடைச்சுதேன்னு இருந்துச்சு. அதான் என்னைத் தின்னுது. பொய் உன்னோடதுதான், ஆனா நான் அதுல ஏறிக் குந்திக்கிட்டேன்.

— ஒண்ணு கேக்கட்டுமா? இந்த ஏழு வாரத்துல நான் கேக்கல. ஏன் நின்ன?

— சிரிப்ப.

— சிரிக்க மாட்டேன்.

— நம்ம ஊர்ல நான் எங்க ஓடிப் பழகினேன்?

— விமான ஓடுபாதையில. எல்லாரும் அங்கதானே. வேற எடம் ஏது.

— பத்து வயசுலேர்ந்து சாயங்காலம் அந்தத் தார்லதான் ஓடுறேன். பந்து ஆடுறவங்க ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம், நடுவுல நான். விமானம் வர்றப்ப என்ன ஆகும்?

— சைரன் ஊதுவாங்க. எல்லாரும் ஓரமாப் போயிடுவோம்.

— ஊதினதும் நிக்கணும். யோசிக்கக் கூடாது, அப்படியே நின்னு, எந்தப் பக்கம்னு பாத்து, விலகணும். அன்னிக்கு முப்பது மீட்டர் தாண்டியிருப்பேன். பார்வையாளர் பக்கத்துலேர்ந்து யாரோ ஒருத்தர் ஒரு ஊதலை ஊதினார். நீளமா, ஏறி ஏறி இறங்குற மாதிரி. அவர் நாட்டுப் பொண்ணுக்காக ஊதியிருப்பார் போல. என் கால் நின்னுடுச்சு டெலேசியா. நான் நிக்கல. கால் நின்னுச்சு. நான் வானத்தைப் பாத்தேன்.

— வானத்தையா?

— விமானம் எந்தப் பக்கம் வருதுன்னு.

— ஐயோ, லிலியேட்டா.

— சிரிச்சுக்க.

— சிரிக்கல. சத்தியமா சிரிக்கல.

— அந்த நிமிஷம் நான் கடைசி இல்ல, அது தெரியுமா உனக்கு? ஏழாவது பாதையில ஒருத்தி எனக்குப் பின்னால இருந்தா. அவ மூச்சு என் காதுல கேட்டுது. அப்புறம் அவ முதுகைப் பாத்தேன்.

— இதை ஏன் என்கிட்டகூட சொல்லல?

— வெக்கம். போன மாசம் ரக்பியில ஃபிஜி தோத்துச்சே, ஞாபகம் இருக்கா? வளாகமே சாவு வீடு மாதிரி ஆச்சு. மெரே அக்கா அன்னிக்கு சூப்புல உப்பே போடல. மூணு நாள் கழிச்சு அதே பசங்க பந்தை நழுவ விட்டவனைப் போல நடிச்சுக் காட்டிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு அவமானத்தைப் பங்கு போட்டுக்க ஒரு அணியே இருக்கு, அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் இருக்கு. நமக்கு? ஒரு ஆள். பதிமூணு செகண்ட். நாலு வருஷம் காத்திருந்து பதிமூணு செகண்ட். அதுலயும் நான் பாதியில வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

— சரி. இதை இன்னிக்கு மேடையில சொல்லாத. வேற என்னிக்காவது சொல்லிக்கலாம்.

— இன்னிக்குத்தான் சொல்லப்போறேன்.

— விளையாடாத.

— ஜெபத்துக்கு முன்னாடி சொல்லிடுவேன். நேத்து தூங்கவே இல்ல, அதையேதான் யோசிச்சேன்.

— கேளு, கேளு. நீ சொன்னா என்ன ஆகும்? நீ நின்னது ஒரு தப்பு இல்ல, உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வானொலியில நாட்டுக்கே பொய் சொன்னது யாரு? நான். ஜனவரியில எனக்கு அங்க வேலை. ஏன் கூப்பிட்டாங்க தெரியுமா? அந்த ஒரு நிமிஷத்துக்காக. அதை இன்னும் ஞாயித்துக்கிழமை போட்டுக் கேக்குறாங்களாம். நான் நாலு வருஷமா இங்க படிச்ச செய்தித் துறைப் படிப்பைப் பத்தி யாரும் கேக்கல, என் மதிப்பெண்ணைக் கேக்கல. அந்தப் பொய்யைத்தான் கேட்டாங்க.

— உன் பேரைச் சொல்ல மாட்டேன்.

— பேரைச் சொல்லணுமா? அந்தக் குரல் யாரோடதுன்னு கோழிக்குக்கூடத் தெரியும்.

— அப்ப நான் சாகுற வரைக்கும் நொண்டணுமா?

— கிறிஸ்துமஸ் வரைக்கும். அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா சரியாயிடும். எல்லா அடியும் சரியாகும்.

— நேத்து பஸ்ஸுக்கு ஓடினேன்.

— என்னது?

— மழை. பஸ் கிளம்பிடுச்சு. மறந்துபோய் ஓடினேன். நல்லா ஓடினேன் டெலேசியா. ஏறி உட்கார்ந்த அப்புறம்தான் பாக்குறேன், பின் சீட்டுல முதல் வருஷம் படிக்கிற நம்ம ஊர்ப் பையன். என்னைப் பாத்தான். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

— அவன் யார்கிட்டயாவது சொன்னானா?

— தெரியல. இன்னிக்கு அவனும் முன் வரிசையில பாடப்போறான். நான் பொய் சொல்லும்போது அவன் முகத்தைப் பாத்துக்கிட்டே சொல்லணும்.

— கடவுளே. இரு, யாரோ கதவைத் தட்டுறாங்க. கட்டில்ல படு. காலைத் தலையணைமேல வை. வலது கால்.

— யாரு?

— நாந்தேன் புள்ள, திறங்க. கையில தூக்குச்சட்டி இருக்கு.

— உங்கம்மாடி. வாங்க அத்தை, உள்ள வாங்க. கப்பல் எப்படி இருந்துச்சு?

— நாலு நாளும் வாந்தி. பாட்டுக்காரப் புள்ளைகள்ல பாதிப் பேருக்குத் தொண்டையே போச்சு. நீதான் டெலேசியாவா? ரேடியோவுல கேட்ட குரலு. ஆளு இம்புட்டுச் சின்னதா இருக்கியேத்தா.

— குரல்தான் அத்தை பெருசு. நீங்க பேசிக்கிட்டிருங்க. நான் மண்டபத்துக்குப் போய் நாற்காலி எல்லாம் போட்டாங்களான்னு பாத்துட்டு வரேன். லிலியேட்டா, அஞ்சு நிமிஷப் பேச்சு மேஜைமேல இருக்கு. நான் எழுதினதையே வாசி. தயவு பண்ணி.

— போயிட்டு வா.

— என்னத்தா, அந்தப் புள்ள முகம் வெளுத்துப் போகுது? சரி, நீ கிட, எந்திரிக்காத. ரொட்டிப் பலா சுட்டு எடுத்தாந்தேன், அப்புறம் தின்னலாம். மொதல்ல காலைக் காட்டு.

— வேண்டாம்மா. டாக்டர் பாத்துட்டார்.

— டாக்டர் பாக்கட்டும். தீவுல யாருக்குச் சுளுக்குன்னாலும் யாருகிட்ட வாராக? எம் மகளுக்கு நான் தேய்க்காம யாரு தேய்க்கிறது. ஏழு வாரமா இந்தத் தேங்கா எண்ணெயக் காய்ச்சி வச்சுக்கிட்டுக் கப்பலுக்குக் காத்துக் கெடந்தேன். நீட்டு.

— அம்மா.

— நீட்டுன்னா நீட்டு. ம். இப்புடி. எங்கன வலிக்கிது? இங்கனயா?

— அங்கதான்.

— இங்கன?

— அங்கயும்தான்.

— என்ன எடத்துக்கு எடம் வலிக்கிது. ஒரு முடிச்சையும் காணலயே. கொழுகொழுன்னு இருக்கு. ஒருக்கா அடிபட்ட தசைன்னா ஏழு வாரத்துல ஒரு கயித்து முடிச்சாவது கெடக்கும் உள்ள. இது ஓடுற கால் புள்ள. நோவு பட்ட கால் இல்ல.

— அம்மா, கையை எடு.

— ஏன்?

— அந்தக் கால்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு கால்லயும் ஒண்ணும் இல்ல. எனக்கு எதுவும் இழுத்துக்கல. ஓடும்போது யாரோ ஊதல் ஊதினாங்க, நம்ம சைரன் மாதிரி இருந்துச்சு, நான் நின்னுட்டேன். அவ்வளவுதான். டெலேசியா என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னா. நான் அதையே பிடிச்சுக்கிட்டேன். அம்மா, கையை எடும்மா.

— தேய்ச்சுக்கிட்டிருக்கேன்ல.

— ஒண்ணும் இல்லாத காலை ஏன் தேய்க்கிற?

— என் கை நிக்க மாட்டேங்குது. உங்கப்பா ஏழு வாரமா வெள்ளிக்கிழமை வாயில ஒண்ணும் வைக்கல. உபவாசம். வள்ளத்துல போறாரு, வெறும் வயித்தோட வலை இழுக்காரு. உன் காலுக்காக. இதை நான் எப்படி அந்த மனுசன்கிட்டச் சொல்லுவேன்?

— நானே சொல்றேன். இன்னிக்கு மேடையில எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்.

— எனக்குப் போன்ல சொல்லியிருக்கலாமே. பெத்தவகிட்ட என்ன?

— போன் எடுத்ததும் நீ அழுதம்மா. "எம் மக நொண்டிக்கிட்டே போய்ச் சேந்தா"ன்னு சொல்லிச் சொல்லி அழுத. பெருமையா அழுத. அதுக்கு அப்புறம் என் வாய் திறக்கல.

— ம்.

— கோவமா?

— கோவந்தான். இரு, இன்னும் அடங்கல. ஊரே ஜெபம் பண்ணிச்சு. மறுபடியும் உன்னையே அனுப்புறதா, வேற யாரையாவது பாக்குறதான்னு விளையாட்டுக் கமிட்டிக்காரக என்கிட்ட வந்து கேட்டாக. கால் எப்புடின்னு பாத்துட்டு வந்து சொல்லுறேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்.

— என்ன சொல்லுவ?

— கால் நல்லாருக்குன்னு சொல்லுவேன். அது பொய்யில்லையே.

— நான் மறுபடி ஓடுவேனான்னு எனக்கே தெரியலம்மா. எங்க ஊதல் கேட்டாலும் முதுகு சில்லுன்னு ஆகுது. இங்க மைதானத்துப் பக்கம்கூட நான் போறதில்ல. பரீட்சை வேற அஞ்சு வாரத்துல இருக்கு. புத்தகத்தைத் திறந்தா அந்த ஏழாவது பாதைப் பொண்ணோட முதுகுதான் தெரியுது.

— சரி, ஒண்ணு கேக்கேன், நெசத்தைச் சொல்லு. நின்ன அப்புறம் என்ன செஞ்ச?

— நடந்தேன்.

— எங்க? வெளியவா?

— வெளிய போற வழி பக்கத்துலதான் இருந்துச்சு. ஒரு அம்மா கையைக் காட்டிக் கூப்பிடக்கூட செஞ்சாங்க. நான் போகல. கோடு வரைக்கும் நடந்தேன். எழுபது மீட்டர். எல்லாரும் போயிட்டாங்க, அடுத்த ஓட்டத்துக்கு ஆளுங்க வந்து நிக்கிறாங்க. நான் நடந்துக்கிட்டிருக்கேன்.

— நொண்டிக்கிட்டா?

— இல்ல. சும்மா நடந்தேன். அழுதுக்கிட்டு.

— கோட்டைத் தொட்டியா?

— தொட்டேன்.

— அப்பச் சரி. மூக்கைத் துடை, நான் ஒண்ணு சொல்லணும், உன் பேச்சுக்கு முன்னாடி நீ தெரிஞ்சுக்கிறது நல்லது. போன மாசம் பள்ளிக்கூடத்துப் பந்தயம் நடந்துச்சு, ஓடுபாதையில. பாக்கப் போயிருந்தேன். தோக்குற புள்ளைக அம்புட்டும், ஒண்ணு விடாம, வலது தொடையைப் பிடிச்சுக்கிட்டு நொண்டி நொண்டி வருதுக.

— ஐயோ.

— ஆறு வயசுப் புள்ள, முட்டி அளவுகூட இல்ல, அது மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு நொண்டுது.

— என்னைப் பாத்தா? அம்மா, அதுங்களுக்கு நான் பொய் கத்துக்குடுத்துட்டேனா?

— எனக்கும் ஆத்தமாட்டாம கோவம் வந்துச்சு. ஏதோ நெசமா அடிபட்டவளைக் கேலி பண்ணுதுகன்னு நினைச்சேன். வாத்தியாருகிட்டப் போயி, இதுகளை ஏன் அடிச்சு நிறுத்த மாட்டேங்கிறீகன்னு சண்டை பிடிச்சேன்.

— அவர் என்ன சொன்னார்?

— முப்பது வருசமா இந்தப் பந்தயத்தை நடத்துறாராம். பிந்துன புள்ளைக வெக்கப்பட்டுப் பாதியிலேயே தென்னை மரத்துப் பக்கம் ஓடிப்போயிருமாம், கோட்டுக்கு எப்பவும் மூணு பேருதான் வருமாம். இந்த வருசந்தான் ஓடுன புள்ளைக அம்புட்டும் கோட்டைத் தொட்டுச்சாம்.